தம்பி கொடுக்க வந்த ஈரல்

டாக்டர் ஒரு வெள்ளைத் தாளில் பேனாவால் என் கல்லீரலை வரைந்தார். வலப்பக்கம் ஒரு வட்டம் போட்டுக் கறுப்படித்தார். அதுதான் கட்டி.

"ஊசி விட்டுச் சுட்டுடலாம்னா கட்டி பெருசு. அந்தப் பகுதிய மட்டும் அறுத்து எடுக்கலாம். ஆனா மிச்ச ஈரலும் சுருங்கிக் கெடக்கும்மா, தாங்குமான்னு உறுதியாச் சொல்ல முடியாது. முழுசா எடுத்துட்டு, சொந்தக்காரங்க ஈரல்ல ஒரு பகுதிய வெச்சா, கட்டியும் போயிடும், கெட்ட ஈரலும் போயிடும்."

"அறுத்தே எடுத்துடுங்க," என்றேன்.

"அக்கா கெடக்குது டாக்டர்," என்றான் பக்கத்தில் இருந்த தம்பி. பைக் மெக்கானிக் அவன். "ஸ்பேர் பார்ட்ட வீட்டுலயே வெச்சுக்கிட்டு வெளிய தேடுவாங்களா? என்னோடத எடுங்க."

வராந்தாவிலேயே அவனைப் பிடித்துக் காய்ச்சினேன். இரண்டு சின்னப் பிள்ளைகளின் தகப்பன். "நல்லா இருக்கிற உடம்ப ஏண்டா கீறிக்கிற? உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா உன் பொண்டாட்டி மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?"

"ஈரல் வெட்டினா வளருமாம்க்கா. உன் வாய் மட்டும் வெட்டாமலே வளருது."

சிரித்துவிட்டேன். அதோடு என் பிடிவாதமும் போயிற்று. உயிராசை யாரை விட்டது? உள்ளுக்குள் எனக்கும் அவன் ஈரல் வேண்டித்தான் இருந்தது.

அவனுக்கு ஸ்கேன் எடுத்தபோது நானும் உள்ளே போய் ஸ்டூலில் உட்கார்ந்தேன். ஸ்கேன் எடுக்கும் பெண் கலகலப்பானவள். "எனக்கும் ஒரு தம்பி இருக்கானே, நகம் கூடத் தர மாட்டான்" என்று பேசிக்கொண்டே அவன் வயிற்றில் கருவியை நகர்த்தினாள். சட்டென்று பேச்சு நின்றது. கருவி ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போனது.

"மூச்ச இழுத்துப் பிடிங்க... இன்னொரு தடவ."

எனக்கு எடுத்தபோதும் இவள் இப்படித்தான் ஊமையானாள்.

திரையைப் பார்த்தேன். தைத்து வரும் சட்டைகளில் கறை பார்த்துக் கழிப்பதுதான் கம்பெனியில் என் வேலை. சாம்பல் நிறத்தின் நடுவே உருண்டையாக ஒன்று தெரிந்தது. என்னுடையதைப் போலவே, ஆனால் சிறியது.

"என்னக்கா, சரக்கு சுத்தமா?" என்றான் படுத்தபடியே.

"டாக்டர் சொல்வாருடா."

ரத்தப் பரிசோதனையும் இன்னொரு ஸ்கேனும் முடிந்தபின் டாக்டர் எங்களைக் கூப்பிட்டார். "உங்கம்மா எப்படிம்மா இறந்தாங்க?" என்று என்னைக் கேட்டார்.

"மஞ்சக்காமால முத்திப் போய்."

"அந்த மஞ்சக்காமாலக் கிருமி அம்மாகிட்டேருந்து பிள்ளைங்களுக்குப் பிரசவத்துலயே ஒட்டிக்கும்," என்றார். ஃபைலிலிருந்து அந்தப் பழைய தாளை எடுத்துத் திருப்பிப் போட்டு, மறுபக்கத்தில் ஒரு கல்லீரலை வரைந்தார். அதில் சின்னதாக ஒரு வட்டம். "இதுல மிச்ச ஈரல் நல்லாவே இருக்கு. அறுத்து எடுத்தாலே போதும்."

தம்பியின் முகம் மலர்ந்தது. "அப்ப என்னோடது வேணாமா? பாத்தியாக்கா, நீ கேட்ட மாதிரியே அறுத்தே எடுக்கப் போறாங்க!"

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அது என் ஈரல் இல்லடா," என்றேன்.