கப்பல் திரும்பிய மதியம்

துறைமுகத்தில் அந்தக் கிரேன்காரியைக் கழுகு என்றுதான் கூப்பிடுவார்கள். அவ்வளவு உயரத்தில், கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்து எதையும் முதலில் பார்ப்பது அவள்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் உள்ளூர்க் கோதுமையைக் கப்பல் கப்பலாக ஏற்றி வெளிநாட்டுக்கு அனுப்பினாள். இப்போது அதே இரும்பு வாளியால் அயல்நாட்டுக் கோதுமையை அள்ளி இறக்குகிறாள். மழை பொய்த்து, வயலெல்லாம் கட்டடமாகி, கப்பல் வந்தால்தான் அடுப்பெரியும் என்றாகிவிட்டது.

அன்று மதியம் துறையில் நின்ற கப்பலின் வயிறு காலியானது. அடுத்த கப்பல் தூரத்தில் நங்கூரமிட்டிருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மெல்ல மூக்கைத் திருப்பிக்கொண்டு ஆழ்கடலை நோக்கி நகர்ந்தது.

வாக்கிடாக்கியில் சூப்பர்வைசரின் குரல் நடுங்கியது. "வேற நாட்டுக்காரன் அதிக விலை தர்றேன்னானாம், அவனுக்கே வித்துட்டாங்க. யார்கிட்டயும் மூச்சு விடாதே."

"அப்போ நான் கீழ இறங்கட்டுமா சார்?"

"ஐயோ, வேண்டாம்மா! சுவருக்கு வெளிய கூட்டத்தப் பாத்தியா? கிரேன் நின்னா உள்ள பூந்துடுவாங்க. போலீஸ் வர்ற வரைக்கும் காலி வாளியையே ஆட்டிக்கிட்டிரு."

ஆட்டினாள். வாளி கப்பலுக்குள் இறங்கியது, ஏறியது, கரையிலிருந்த தானியத் தொட்டிக்கு மேல் வாயைத் திறந்தது. ஒன்றும் விழவில்லை. வெளியே மாவு ஆலை லாரிகளும், வெறும் பைகளோடு ஜனங்களும். வாளி எழும்பும்போதெல்லாம் அத்தனை தலைகளும் நிமிர்ந்தன.

செல்போன் அடித்தது. லாரி ஓட்டும் தம்பி.

"அக்கா, எங்க வண்டிக்கு எப்போ? இங்க எல்லாரும் கொதிச்சுப் போய் நிக்கிறாங்க."

"வண்டிய எடுத்துட்டு வீட்டுக்குப் போடா. பிள்ளைங்கள வெளிய விடாதே."

"ஏன்க்கா?"

கூடப் பிறந்தவனிடம் பொய் வரவில்லை. "உள்ள ஒரு பிடி கூட இல்லடா. வர வேண்டிய கப்பலும் போயிடுச்சு."

அவன் ஸ்பீக்கரில் போட்டுப் பேசிக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரியாது. எதிர்முனையில் யாரோ அலறினார்கள்.

துறைமுகத்தின் வாசல் கதவு சாய்ந்தது. கூட்டம் கப்பலை நோக்கி ஓடியது, உள்ளே எட்டிப் பார்த்தது. அப்புறம் ஒவ்வொருவராக அண்ணாந்து கூண்டைப் பார்த்தார்கள். இவ்வளவு நேரம் ஏமாற்றியது யாரென்று அவர்களுக்குப் புரிந்துவிட்டது. ஏணி அடியில் தம்பி கையை விரித்து மறித்தான். "எங்கக்கா என்ன பண்ணுவா? சொன்னதச் செஞ்சா!" அவனைத் தள்ளிவிட்டு ஒருவன் ஏறினான்.

இயந்திரத்தை அணைத்தாள். கூண்டுக் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டாள். துரு ஏறியிருந்ததில் அது ஒழுங்காக விழவில்லை. இரும்புப் படியில் காலடி நெருங்கி வந்தது. கதவு திறந்தது.

மாவு படிந்த சட்டையோடு ஓர் ஆலைத் தொழிலாளி. மூச்சு வாங்கியது. அடிக்கப் போகிறான் என்று முகத்தை மூடிக்கொண்டாள். அவன் அவளைப் பார்க்கவே இல்லை, கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு நின்றான்.

"அம்மா, இங்கேருந்து பாத்தா வேற கப்பல் ஏதாவது தெரியுதா?"

அவளும் பார்த்தாள். வெறும் தண்ணீர்.

"தெரியலப்பா," என்றாள்.