வன்னியிலிருந்து வந்த இறைச்சி

சயந்தனுக்குக் காட்டுப்பன்றி என்றால் உயிர். முல்லைத்தீவுக் கூட்டாளி ஒருவன் ஐஸ் பெட்டியில் போட்டு பஸ்ஸில் அனுப்பிவிட்ட இறைச்சியை, கொழும்பு வெள்ளவத்தையில் தங்கள் அடுக்குமாடி பிளட்டில் அவனே வெட்டி அவனே அடுப்பில் வைத்தான். மனைவி உஷாந்தி சைவம். குசினி வாசலில் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

அது நோன்பு மாதம். பக்கத்து வீட்டு ஜவாஹிறாவின் குசினி யன்னல் கைநீட்டினால் எட்டும் தூரத்தில் இருந்தது. சட்டி கொதித்து மணம் கிளம்பியதும் சயந்தன் அடுப்பை அணைத்துவிட்டான்.

“இன்னும் அவியேல்லையப்பா. உள்ளுக்குச் சிவப்பாக் கிடக்கு.”

“காணும். நோன்போட இருக்கிற சனத்துக்கு இந்த மணத்தை அனுப்பேலுமே? ஜவாஹிறா ராத்தா என்ன நினைப்பா?”

“அப்ப அதை என்னெண்டு சப்பப் போறியள்?”

“வன்னிப் பன்றியெல்லே, செத்தாப் பிறகும் ஓடப் பார்க்குது,” என்று சிரித்துச் சிரித்து மென்றான்.

முதலில் வயிற்றோட்டம். பிறகு காய்ச்சல். கண்ணிமைகள் வீங்கின. டெங்கு என்று நினைத்துத் திரும்பத் திரும்ப இரத்தம் எடுத்தார்கள். படியேற முடியாமல் தொடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த பிறகுதான் ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர், காட்டு இறைச்சி ஏதும் சாப்பிட்டாரா என்று சிங்களத்தில் கேட்டார். உஷாந்தி தலையாட்டினாள். தசையில் ஒரு துணுக்கு வெட்டிப் பார்த்தார்கள். பன்றியின் இறைச்சிக்குள் சுருண்டு கிடந்த புழுக்கள் அவனுடைய வயிற்றில் பெருகி, குஞ்சுகள் இரத்தத்தோடு ஓடி அவன் தசைகளில் குடியேறியிருந்தன. நன்றாக அவிந்திருந்தால் புழு செத்திருக்கும் என்றார் டாக்டர். மருந்து கொடுத்தார்கள். இருதயம் அதற்குள் பழுதாகிவிட்டது.

சயந்தன் செத்த எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவுக்கு முதல் நாள் ஜவாஹிறா மூடிய பாத்திரத்தோடு வந்தாள்.

“புதுச் சட்டியில ஆக்கின, தங்கச்சி. மீன், எறச்சி, மச்சம் ஒண்டும் படல்ல. ரெண்டு வாய் தின்னுங்கோ.”

உஷாந்தி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். வாய்க்குப் போகவில்லை.

“வேகாத பண்டி எறச்சியாலதான் எண்டு சொல்றாங்க. மெய்யா?”

“ஓம் ராத்தா. குறை நினைக்காதேங்கோ, நோன்பு நேரத்தில…”

“ஐயோ, அத உடுங்கோ. எங்களுக்கு மணத்திலயே வெளங்கின. எங்கட மனுசன் ரிப்கான் சிரிச்சார். ‘தம்பி நமக்குப் பயந்து பயந்து ஆக்கிறார், யன்னலச் சாத்துங்கோ, பாவம், ஆறுதலா ஆக்கட்டும்’ எண்டார். நான் அப்பவே சாத்திட்டேன்.”

உஷாந்தியின் விரல்கள் சோற்றுக்குள் நின்றுவிட்டன.

“அப்ப ஏன் தங்கச்சி சரியா வேகல்ல?”

அந்த முகத்தைப் பார்த்தாள். உண்மையைச் சொன்னால் இந்த மனுசி இனி ஒரு நோன்பையும் நிம்மதியாகத் திறக்கமாட்டாள்.

“கேஸ் முடிஞ்சு போச்சு, ராத்தா.”

ஜவாஹிறா வாயைப் பொத்திக்கொண்டாள். “எங்கட வீட்டில நெறஞ்ச சிலிண்டர் ஒண்டு சும்மா கெடந்திச்சே! கதவில ஒரு தட்டுத் தட்டியிருக்கப்படாதா?” சொல்லிச் சொல்லி அழுதாள். எழும்பும்போது, “இப்பவே அவர்ட்டக் குடுத்தனுப்புறேன். அடுப்பில்லாம இரிக்க வேணாம்,” என்றாள்.

ரிப்கான் வந்து கதவைத் தட்டுவதற்கு முன், உஷாந்தி சயந்தன் கடைசியாக மாட்டிவிட்டுப் போன சிலிண்டரைக் கழற்றினாள். அறைக்குள் உருட்டிக்கொண்டுபோய், அவனுடைய அலுமாரியைத் திறந்து, தொங்கிய சேர்ட்டுகளுக்குக் கீழே தூக்கி வைத்தாள். அது இன்னும் கனமாகத்தான் இருந்தது.