நாலு ஜோடி செருப்பு

முதல் டி-ஷர்ட்டின் முன்பக்கமும் பின்பக்கமும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. உள்ளே ஓர் அட்டையை நுழைத்துவிட்டுத்தான் மேலே மையை இழுக்க வேண்டும் என்று வீடியோவில் அந்தப் பையன் மூன்று தடவை சொல்லியிருந்தான். மூன்று தடவையும் சுமலதா எல்லாம் தெரிந்தவள் மாதிரி தலையாட்டியிருந்தாள். இப்போது நெஞ்சிலும் மை, முதுகிலும் மை, மொட்டை மாடியில் விரித்திருந்த பேப்பரிலும் மை. இரண்டு பக்கத்தையும் சர்ரென்று பிரித்துப் பார்த்துவிட்டுத் தனக்குத்தானே சிரித்தாள். நல்லவேளை வீட்டில் யாரும் இல்லை. மகள் பள்ளிக்கூடத்தில், கணவன் ஹேமநாத் அம்பத்தூர் வேலைக்கு எட்டேகால் வண்டியைப் பிடித்துப் போயாகிவிட்டது. அவன் மட்டும் பார்த்திருந்தால் இந்த ஒரு டி-ஷர்ட்டை வைத்தே ஒரு மாதம் அவளைக் கிண்டலடித்திருப்பான்.

எல்லாம் வாயால் வந்த வினை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன் கும்மிடிப்பூண்டியில் ஒரே அறையில் இருந்த நாலு பேர் வருகிற ஞாயிற்றுக்கிழமை அதே வீட்டில் சந்திப்பதாக முடிவாகியிருந்தது. வாட்ஸ்அப் குழு ஆரம்பித்தது ரம்யா. எல்லோரும் ஒரே மாதிரி டி-ஷர்ட் போட வேண்டும் என்றது செல்வி. அவளே படமும் வரைந்து அனுப்பிவிட்டாள்: சாத்திய ஓர் அறைக்கதவு, அதன் முன்னால் நாலு ஜோடி செருப்பு. திருவள்ளூர் கடைத்தெருவில் விசாரித்தால், இருபத்தைந்துக்குக் குறைந்து அச்சடிக்க மாட்டோம் என்றார்கள். "நாலு தானே, நானே போட்டுர்றேன், இது ஒரு பெரிய விஷயமா?" என்று சுமலதா குழுவில் எழுதிவிட்டாள். எழுதிய பிறகுதான் அந்த வேலை எப்படி நடக்கிறது என்றே தேடிப் பார்த்தாள்.

அப்புறம் ஒரு நாள் ரயிலேறிப் பாரிமுனைக்குப் போய், மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலைத்துணி, மையை இழுக்கிற ரப்பர் கட்டை, எமல்ஷன் என்று ஒரு டப்பா எல்லாம் வாங்கி வந்தாள். அந்த எமல்ஷனை வலையில் பூசி இருட்டில் காய வைக்க வேண்டும். பிறகு படத்தை மேலே வைத்து வெயிலில் காட்டினால், வெயில் பட்ட இடம் இறுகிவிடும். கறுப்புக் கோடு மறைத்த இடம் மட்டும் தண்ணீரில் கரைந்து ஓட்டையாகும். அந்த ஓட்டை வழியே மை இறங்கும். கேட்க எவ்வளவு சுலபமாக இருக்கிறது! முதல் தடவை வெயிலில் குறைவாக வைத்ததால் கதவு, செருப்பு எல்லாம் சேர்ந்து தண்ணீரோடு போய்விட்டன. இரண்டாவது தடவை பூசி, பாத்ரூம் இருட்டில் பத்திரமாக வைத்துவிட்டுக் கடைக்குப் போய் வந்தாள். அன்றைக்கு லீவில் இருந்த ஹேமநாத், பெண்டாட்டிக்கு உபகாரம் செய்கிற நல்ல மனசோடு, ஈரமாக இருக்கிறதே என்று அதை எடுத்துக்கொண்டு போய் மாடியில் மிளகாய்க்குப் பக்கத்தில் காய வைத்திருந்தான். வலை முழுக்கக் கல்லாக இறுகிவிட்டது.

"ஈரமா கீதுன்னு வெயில்ல வெச்சேன். அது ஒரு குத்தமா?" என்றான்.

"ஒரு வார்த்த கேக்கக் கூடாதா? பேஜாரு பண்றீங்களே!"

"செருப்புப் படத்த நெஞ்சுல போட்டுக்கினு போகப் போறீங்க. அத்தக் கடவுளுக்கே புடிக்கல போல."

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. வேறு வலை வாங்கி, மூன்றாவது தடவை பூசிப் படத்தை எடுத்துவிட்டாள். செருப்புதான் அந்த அறையின் அடையாளம் என்பது அவனுக்கு எப்படித் தெரியும்? வீட்டுக்கார மணியம்மாள் வாசலில் கிடக்கிற செருப்பை எண்ணித்தான் யார் ஷிப்டுக்குப் போயிருக்கிறார்கள், யார் தூங்குகிறார்கள் என்று தெரிந்துகொள்வாள். மூன்று ஜோடி கிடந்தால், தூங்குகிறவர்கள் எழும் வரை தண்ணீர் மோட்டார் போட மாட்டாள். பத்துக்குப் பத்து அறை. ஒரு ஜன்னல், ஒரு கண்ணாடி, நாலு கொசுவர்த்திச் சுருள் தட்டு. நாலு பேருக்கும் காலை ஷிப்டு விழுந்த வாரத்தில், விடிகாலை ஐந்து இருபதுக்குக் கம்பெனி பஸ் தெருமுனையில் ஹாரன் அடித்தால் நாலு பேரும் பின்னலைப் போட்டுக்கொண்டே ஓடுவார்கள். போகிற வழியில் நாஷ்டாவுக்கு ஒரே பொட்டலத்தில் எட்டு இட்லி. சிப்காட்டில் கார்களுக்கு ஒயர்க் கட்டு செய்கிற கம்பெனி அது. சம்பளமும் குறைவு, தூக்கமும் குறைவு. இருந்தும் சுமலதா தன் வாழ்க்கையில் அந்த அளவுக்குச் சிரித்தது வேறெங்கும் கிடையாது. கல்யாணமாகி, மகள் பிறந்து, சொந்தமாக ஒரு மிக்ஸி, ஒரு பீரோ, ஒரு ஜன்னலுக்கு நாலு ஜன்னல் எல்லாம் வந்த பிறகும் அந்த அறையை அவள் நினைக்காத வாரம் இல்லை.

அந்தச் சிரிப்பில் பாதி புவனேஸ்வரியுடையது. பழவேற்காடு பக்கத்துப் பெண். பஸ்ஸில் நின்றுகொண்டே தூங்குவாள், தூக்கத்திலேயே டிக்கெட் கேட்பாள். கம்பெனி பஸ்ஸில் டிக்கெட்டே கிடையாது. குழுவில் எல்லோரும் ஞாயிற்றுக்கிழமைக்குத் துள்ளிக்கொண்டிருந்தபோது அவள் மட்டும் "பாக்கலாம்" என்று ஒரு வார்த்தை போட்டுவிட்டு நின்றுவிட்டாள். அவள் வர வேண்டும் என்று சுமலதா வேண்டிக்கொண்டாள். வந்துவிட்டால் அவள் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று பயமாகவும் இருந்தது.

ஏனென்றால் புவனாவை அந்தக் கம்பெனியிலிருந்து வெளியே அனுப்பிய தப்பு சுமலதாவின் கையால் நடந்தது. லைனில் ஒரு பழக்கம் இருந்தது. ஒருத்தி எழுந்து பாத்ரூம் போனால் அவள் கணக்கு குறையாமல் பக்கத்துக்காரி அவள் பலகையிலும் சேர்த்து ஒயர்களைப் போட்டு, போனவளின் நம்பர் ஸ்டிக்கரை ஒட்டிவிடுவாள். சூப்பர்வைசருக்குத் தெரியாது. தெரிந்தால் இரண்டு பேருக்கும் சீட்டுக் கிழியும். ஒரு நாள் புவனா வயிற்றுவலி என்று எழுந்து போனாள். சுமலதா அவள் பலகையில் போட்டாள். போட்டதில் ஒன்றில் பச்சை ஒயர் போக வேண்டிய இடத்தில் நீலம். அது பெல்ட்டில் நகர்ந்து போகும்போதே அவளுக்குச் சந்தேகம் தட்டியது. எட்டி எடுத்திருக்கலாம், எடுக்கவில்லை. அது எப்படியோ டெஸ்ட் டேபிளையும் தாண்டிப் போய், இரண்டு மாதம் கழித்து வாங்கின இடத்திலிருந்து திரும்பி வந்தது, புவனாவின் நம்பரோடு. எல்லோர் முன்னாலும் அவளை நிற்க வைத்துக் கேட்டார்கள். இரண்டு மாதத்துக்கு முன் எந்த நாள் எத்தனை நிமிஷம் எழுந்து போனோம் என்று யாருக்கு ஞாபகம் இருக்கும்? அவள் பேசாமல் நின்றாள். சுமலதாவும் பேசாமல் நின்றாள். அந்த வாரம் நிரந்தர வேலைக்கான பட்டியல் வருகிற வாரம்.

இரண்டாவது டி-ஷர்ட்டுக்குள் அட்டையை நுழைத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. புவனேஸ்வரி.

"உன் ஊட்டாண்டதான் நிக்கறேன். எந்த மாடி?"

சுமலதா கையில் மையோடு கீழே ஓடினாள். தன் மகளின் சான்றிதழ் விஷயமாகப் புவனா கலெக்டர் ஆபீஸுக்கு வந்திருக்கிறாள். கையெழுத்துப் போட வேண்டியவர் மத்தியானம்தான் வருவாராம். புவனா கொஞ்சம் சதை போட்டிருந்தாள், காதோரம் நரை. சிரிப்பு மட்டும் அப்படியே இருந்தது. படியேறி வந்து, விரித்திருந்த கடையைப் பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்தாள்.

"இன்னாடி இது, கொலை நடந்த ஊடு மாதிரி கீது?"

"வந்ததே வந்தே, இந்த சட்டத்தக் கெட்டியாப் புடி. நான் ஒருத்தியா இழுத்தா அசைஞ்சி அசைஞ்சி எட்டு ஜோடி செருப்பாவுது."

புவனா புடவையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்து சட்டத்தை இரண்டு கையாலும் அழுத்தினாள். சுமலதா மையை ஊற்றி ரப்பர் கட்டையை மேலிருந்து கீழே ஒரே இழுப்பாக இழுத்தாள். சட்டத்தைத் தூக்கினால், வெள்ளை டி-ஷர்ட்டில் கதவும் செருப்பும் கோடு பிசகாமல் விழுந்திருந்தன. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் "ஐயோ!" என்றார்கள். புவனா ஒவ்வொரு செருப்பாகத் தொடப் போய், ஈரம் என்று கையை இழுத்துக்கொண்டாள். வார் அறுந்து ஊக்கு குத்தியது ரம்யாவுடையது, ஹீல்ஸ் செல்வியுடையது என்று அடையாளம் சொன்னாள். மணியம்மாள் தனக்கும் ஒன்று வேண்டும், புடவை மேலேயே மாட்டிக்கொள்வேன் என்று போனில் சொன்னதைச் சுமலதா சொல்லக் கேட்டு அந்த மாடியே அதிரும்படி சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டதும் சுமலதாவுக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷம் இதைக் கேட்காமல் எப்படி இருந்தோம் என்று நினைத்தாள்.

"கலர்தான் சரியா வரல," என்றாள் சுமலதா, சமாளித்துக்கொண்டு. சட்டத்தை மூன்றாவது டி-ஷர்ட்டின் மேல் வைத்துப் புவனாவிடம் பிடிக்கக் கொடுத்தாள். "நம்ம கம்பெனி ஓவர்கோட்டு கலர்ல போடலாம்னு நீலத்துல கொஞ்சம் பச்ச கலந்தேன். இந்தக் கலர்தானே அது? இன்னும் கொஞ்சம் பச்ச வேணுமா?"

"அத்த என்னாண்ட கேக்காத," என்றாள் புவனா. இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். "கலர் சமாச்சாரத்துல நானு வீக்கு. நீயே பாத்துப் போடு."

"இன்னா வீக்கு? எனுக்கு பொட்டு, வளையல் எல்லாம் எடுத்துக் குடுத்ததே நீதானே?"

"அதெல்லாம் அப்போ. பச்சைக்கும் நீலத்துக்கும் வித்தியாசம் தெரியாமதானே வெளிய வந்தேன்? அந்த சூப்பர்வைசரு எல்லாரு முன்னாடியும் கண்ண டெஸ்ட் பண்ணிக்கோன்னு சொன்னான் இல்ல? டெஸ்டுக்கு நான் போவல, பயம். அப்பறம் இன்னாத்தப் பாத்தாலும் ஒரு டவுட்டு. வேற ஒயர் கம்பெனில ரெண்டு மூணு தடவ கூப்டாங்க, போவல. இப்போ அத்திப்பட்டுல கேன்டீன்ல காய் நறுக்கறேன். தக்காளி பழுத்துச்சான்னு கூட பக்கத்துல கீறவள ஒரு வார்த்த கேட்டுக்கினுதான் கத்திய வெப்பேன். எம் பொண்ணு கிண்டல் பண்ணுவா. புடவ எடுக்கப் போனா அவதான் கலர் சொல்லணும்."

அதையும் அவள் சிரிப்புக் கதையாகத்தான் சொன்னாள். சுமலதா ரப்பர் கட்டையைக் கீழே வைத்தாள். வேலை போனது மட்டும்தான் நடந்தது என்று அவள் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தாள். வேலை போனால் வேறு வேலை கிடைக்கும், கிடைத்திருக்கும், குழந்தை குட்டி என்று நன்றாக இருப்பாள் என்று தன்னைத் தேற்றிக்கொண்டு படுத்த நாட்கள் எத்தனையோ. இந்தத் தக்காளி அவள் கணக்கில் இல்லவே இல்லை. இப்போதும் வாயை மூடிக்கொண்டு இருந்தால் ஞாயிற்றுக்கிழமை நாலு பேரும் சந்தோஷமாகப் போட்டோ எடுத்துக்கொள்ளலாம். சொல்லிவிட்டால் புவனா எழுந்து போய்விடலாம், அந்தச் சிரிப்பு இனி கிடைக்காமலே போகலாம்.

"புவனா, அத்தப் போட்டது நானு."

"எத்த?"

"அந்த பீஸ. நீ வயித்த வலின்னு எழுந்து போனே. உம் பலகைல நான்தான் போட்டு உன் நம்பர ஒட்டினேன். மாத்திப் போட்டது நானு. போவும்போதே டவுட்டு வந்துச்சி, எடுக்கல."

புவனா சட்டத்தைப் பிடித்தபடியே இருந்தாள்.

"என்னை நிக்க வெச்சிக் கேட்டப்போ?"

"பக்கத்துலதான் நின்னுகினு இருந்தேன். லிஸ்ட்டுல என் பேரு வரணுமேன்னு பயந்துக்கினு வாயத் தொறக்கல. உன் கண்ணுல ஒரு கோளாறும் இல்லடி."

கீழே தெருவில் ஒருவன் பழைய பேப்பருக்குக் குரல் கொடுத்துக்கொண்டு போனான். புவனா கையை எடுத்தாள். அவள் திட்டுவாள், அழுவாள், குறைந்தபட்சம் ஏன் என்று கேட்பாள் என்று சுமலதா காத்திருந்தாள். புவனா மை டப்பாவை எடுத்து உள்ளே பார்த்தாள். கீழே வைத்தாள். பிறகு எழுந்து, மாடியின் அந்தப் பக்கம் துணி காய்கிற கொடியை நோக்கி நடந்தாள்.

காலையில் துவைத்துப் போட்ட துணிகள் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. முதலில் தொங்கிய பாவாடையின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்தாள்.

"இது பச்ச," என்றாள்.

திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த துணிக்கு நகர்ந்தாள்.

"இது நீலம்."

சுமலதா எழுந்தாள். கிட்டே போகலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றாள். வலையில் மை காய்ந்துகொண்டிருந்தது. உடனே கழுவாவிட்டால் ஓட்டையெல்லாம் அடைத்துவிடும், திரும்ப எடுக்க முடியாது. அவள் அதைக் கழுவப் போகவில்லை. புவனா ஹேமநாத்தின் பழைய சட்டைக்கு வந்திருந்தாள். பல வருஷம் துவைத்துத் துவைத்து நிறம் போன சட்டை, வாங்கினவளுக்கே இப்போது என்ன நிறம் என்று சட்டென்று சொல்ல வராது. புவனா அதன் கையை வெயிலில் விரித்துப் பிடித்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். சுமலதாவின் வாய்க்குள் பதில் வந்துவிட்டது. உதட்டை இறுக்கிக்கொண்டாள்.

"பச்ச," என்றாள் புவனா. "வெளுத்துப் போன பச்ச."

யாரும் சரியென்று சொல்ல அவள் காத்திருக்கவில்லை. சட்டையை விட்டுவிட்டு, கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, பக்கத்து வீட்டு மாடிக்கொடித் துணிகளை விரல் நீட்டி ஒவ்வொன்றாக நிறம் சொல்லத் தொடங்கினாள்.