விட்டுப் போனது யார்

ஹாஸ்கல் டீக் பாடியவற்றில் ஊர் நினைவில் வைத்திருப்பது ஒரே ஒரு பாட்டைத்தான். கைக்குழந்தையையும் புருஷனையும் உதறிவிட்டு ஒருத்தி போய்விடுகிறாள். அவன் தினமும் வாசல் விளக்கை ஏற்றி வைத்துக் காத்திருக்கிறான். டென்னசியில் லாரி ஓட்டும் முரடர்கள்கூட அதைக் கேட்டால் மூக்கைச் சிந்துவார்கள்.

அந்த ஒருத்தி அவன் மனைவி மேவிஸ்தான் என்று இருபது வருஷமாக எல்லோருக்கும் நம்பிக்கை. உண்மையில் குடித்துச் சீரழிந்து, பிள்ளையோடு அவளை விட்டுவிட்டு டெக்சாஸ் பக்கம் பதினொரு மாதம் தொலைந்துபோனவன் ஹாஸ்கல். விளக்கேற்றி வைத்தவள் மேவிஸ். திரும்பி வந்தவன் நடந்ததை நடந்தபடியே எழுதி, பாட்டுக் கம்பெனிகள் இருக்கும் நாஷ்விலுக்குக் கொண்டுபோனான். இசைத்தட்டு வெளியிடும் கம்பெனிக்காரர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

"ஓடிப்போனவன் அழுதா எவன்யா கேப்பான்? அவ போயிட்டாள்னு பாடு. ஊரே உன்கூட அழும்."

அந்தத் தொழிலில் ஆளை மாற்றுவது சகஜம். ஹாஸ்கலும் மாற்றினான். பாட்டு வெளிவந்த பிறகுதான் அவர்கள் இந்த ஊருக்குக் குடிவந்தார்கள் என்பதால் நிஜம் இங்கே யாருக்கும் தெரியாது. அழுதது ஊர், ஏச்சு வாங்கியது மேவிஸ்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் மரத்தடியில் எல்லோரும் கூடிச் சாப்பிடுவார்கள். ஓபல் கிரிம்ஸ்லி வாராவாரம் 'பெக்கன் பை' என்கிற கொட்டைப்பருப்பு இனிப்புப் பண்டத்தைச் சுட்டுக்கொண்டு வந்து, பாவப்பட்ட ஜீவன் என்று முதல் துண்டை ஹாஸ்கலுக்கு வைப்பாள். மேவிஸுக்குக் கிடைப்பது ஒரு முறைப்பு. ஒரு ஞாயிறு அந்த அம்மாள் வாய்விட்டே கேட்டுவிட்டாள், இப்படி ஒரு தங்கமான மனுஷனை விட்டுப் போக எப்படி மனசு வந்தது என்று.

"அப்ப எனக்குப் புத்தி இல்லக்கா," என்றாள் மேவிஸ்.

ஹாஸ்கல் பாதித் துண்டோடு தட்டைக் கீழே வைத்தான்.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம், உள்ளூர் வானொலி ஊர் ஜனங்களை அழைத்து அந்தப் பாட்டுக்கு இருபதாம் வருஷக் கொண்டாட்டம் வைத்தது. பாடும் முன் பாட்டு பிறந்த கதையைச் சொல்ல வேண்டும். மழை, தனிமை, கண்ணீர் என்று அவன் வழக்கமாக அளக்கிற கதை நாக்கு நுனியில் தயாராக இருந்தது. உண்மையைச் சொன்னால் ஜனங்களின் பிரியம் போய்விடும். சொல்லாவிட்டால் சாகும்வரை அவள் தலையில் பழி. முதல் வரிசையில் மேவிஸ் கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"ஓடிப்போனது நான்," என்றான் ஹாஸ்கல். "மேவிஸ் ஒருநாளும் எங்கயும் போகல. விளக்கேத்தி வெச்சது அவதான். இன்னிக்கு நான் உயிரோட நிக்கிறேன்னா அவளாலதான்."

பிறகு முதலில் எழுதியபடியே பாடினான். கைதட்டல் சுரத்தில்லாமல் வந்தது. சிலர் பாதியிலேயே எழுந்து போனார்கள். அவனுக்கோ மார்பிலிருந்து ஒரு பாறையை இறக்கி வைத்தாற்போல் இருந்தது.

வீட்டுக்குத் திரும்பும்போது காரில் மேவிஸ் கைப்பையைத் திறந்து கைக்குட்டையை எடுத்தாள். பிறகு, "ரெண்டாவது சரணத்துல அவசரப்பட்டுட்ட," என்று சொல்லிவிட்டு, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் மரத்தடியில் ஓபல் பெக்கன் பையோடு வந்தாள். ஹாஸ்கலின் தட்டைத் தாண்டி நடந்து, முழுப் பையையும் கத்தியையும் மேவிஸ் முன்னால் வைத்தாள்.

"அவனுக்குக் குடுக்கிறதும் குடுக்காததும் உன் இஷ்டம்."

மேவிஸ் நிதானமாக வெட்டினாள். முதல் துண்டை எடுத்து ஹாஸ்கலின் தட்டில் வைத்தாள். இருபது வருஷமாகத் தின்ற பைதான். அன்றைக்குத்தான் அவனுக்கு அது இனித்தது.