கோதுமை பியர்தான் முதலில்

என் தம்பி வெண்டெல் பியர் காய்ச்சுகிறான். நான் ஆடு வளர்த்து சீஸ் செய்கிறேன். அமெரிக்காவில் எங்கள் வெர்மான்ட் மாநிலத்தில் இரண்டும் ஒரே மேஜைக்கு வருவது புதிதில்லை. எந்த சீஸுக்கு எந்த பியர் என்பதைக் குளிர்காலம் முழுக்க நாங்கள் இருவரும் தின்றும் குடித்தும் முடிவு செய்திருந்தோம். இளசான வெள்ளை சீஸுக்குக் கோதுமை பியர். ஆறு மாதம் பழுத்ததற்குக் கறுப்பு ஸ்டவுட் பியர். ஹாப் பூவை அள்ளிப் போட்டுக் காய்ச்சிய கசப்பு பியர் கடைசியில், அதுவும் சீஸ் தட்டுகளை எடுத்த பிறகு. எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினான், பாவி.

அந்தச் சனிக்கிழமை மதியம் அவனுடைய மதுக்கூடத்தில் சீஸும் பியரும் சேர்த்து ருசி பார்க்க இருபது பேர். முன் வரிசையில் ஆக்னஸ் கோரிவோ. ஒன்பது கடைகளுக்கு சீஸ் தேர்ந்தெடுப்பவள் அவள்தான். ஒரு சீஸை ஒரு தடவைதான் ருசி பார்ப்பாள். பிடிக்காவிட்டால் அதோடு சரி. அவள் ஒப்புக்கொண்டால் என் நாற்பது ஆடுகளும் என்னோடு இருக்கும். இல்லையென்றால் பனி விழுவதற்குள் பாதியை விற்றாக வேண்டும். வெண்டெலுக்கு இது நன்றாகவே தெரியும்.

வெள்ளை சீஸை ஒரு மணி நேரம் முன்பே குளிர்பெட்டியிலிருந்து எடுத்து வைத்திருந்தேன். பதமாக இளகியிருந்தது. அப்போது வெண்டெல் பியர் கொண்டுவந்தான். கிளாஸ் மேஜைக்கு வருமுன்பே ஹாப் வாசனை மூக்கைத் துளைத்தது.

“டேய், என்னடா இது?”

“புதுசு, அக்கா. ஊரே இதத்தான் கேக்குது. எடுத்த எடுப்புல ஒரு போடு போட்டாத்தான் ஆளுங்க நிமிந்து உக்காருவாங்க.”

“நாக்கு செத்துப்போயிடும்டா. சீஸு சோப்பு மாதிரி இருக்கும்.”

“சும்மா இரு, அக்கா. எல்லாரும் பாக்குறாங்க.”

சும்மா இருந்தேன். அதுதான் இன்றுவரை எனக்கு ஆறவில்லை. அடுத்தவர் இடத்தில் குரல் உயர்த்துவது எங்கள் ஊரில் அசிங்கம். அந்த மரியாதையைக் கொண்டுபோய்க் குப்பையில் போட!

ஆக்னஸ் ஒரு வாய் குடித்தாள், ஒரு துண்டு தின்றாள். முகம் சுருங்கியது. பின்னால் யாரோ, “என்னங்க, ஆட்டு நாத்தம் தூக்குது” என்றார். அவள் நோட்டில் ஒரே ஒரு வார்த்தை எழுதிவிட்டுக் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

வாசல்வரை ஓடினேன். “பியர் மாறிப்போச்சுங்க. பத்து நிமிஷம் இருங்க, ரொட்டி தின்னு தண்ணி குடிச்சிட்டு இன்னொரு துண்டு...”

“நாக்கு மரத்துப்போச்சு. இன்னிக்கு நான் எதச் சொன்னாலும் நியாயமா இருக்காது.”

“அப்ப இன்னொரு நாள்?”

“ஒரு தடவைதாங்க. எல்லாருக்கும் அதான்.”

கார் போய்விட்டது. உள்ளே திரும்பினேன்.

“எல்லாரும் கிளாஸக் கீழ வைங்க!”

இருபது கிளாஸையும் பிடுங்கித் தொட்டியில் கொட்டினேன். வெண்டெல் கையைப் பிடித்தான். உதறினேன். “தொட்டே, அடுத்தது உன் தலையிலதான்டா!” ரொட்டியும் தண்ணீரும் கொடுத்துக் கால் மணி நேரம் காக்கவைத்தேன். பிறகு நானே குழாயைத் திறந்து கோதுமை பியர் ஊற்றி, சீஸைப் புதிதாக வெட்டி வைத்தேன்.

தின்றார்கள். தட்டை விரலால் வழித்துத் தின்றார்கள். ஒரு அம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். ஆக்னஸின் நாற்காலி மட்டும் காலியாக இருந்தது.

வெண்டெலுக்கு உடனே தெம்பு வந்துவிட்டது. “பாத்தீங்களா? இதுக்குக் கோதுமை பியர்தான் ஜோடி. குளிர்காலம் பூரா மண்டைய உடைச்சுக் கண்டுபிடிச்சேன்!” கைதட்டினார்கள். வெட்கமில்லாமல் குனிந்து வாங்கிக்கொண்டான்.

பின் வரிசையில் ஒரு பெரியவர் கை தூக்கினார். “இந்த சீஸு எந்தக் கடையிலங்க கிடைக்கும்?”

வெண்டெலின் சிரிப்பு அப்படியே நின்றது. என்னைத் திரும்பிப் பார்த்தான்.

“என்னை ஏன்டா பாக்குற? சொல்லு அவருக்கு” என்றேன்.