யார் அமுக்கிய ‘சரி’?

என் கணினித் திரையில் நேசையன் அண்ணனின் வள்ளம் நடுக்கடலில் நின்றது. நேசையன் அண்ணனோ கையில் ஒரு பையோடு என் வீட்டு வாசலில் நின்றார்.

அந்தத் திரையை வடிவமைத்தவளே நான்தான். எங்கள் இனயம் கடற்கரை ஊரின் வள்ளங்களுக்கெல்லாம் எங்கள் கம்பெனி ஆளுக்கொரு பெட்டி கொடுத்திருக்கிறது. வள்ளம் நிற்கும் இடம், பெயரோடு, ஊரில் எல்லார் திரையிலும் புள்ளியாகத் தெரியும். காற்று எச்சரிக்கை அனுப்பினால் பெட்டி கத்தும். படித்ததும் ‘சரி’ பொத்தானை அமுக்க வேண்டும். சின்னப் பிள்ளைக்குக்கூடக் குழப்பம் வராது என்று மேடையில் பேசிக் கைதட்டு வேறு வாங்கியிருந்தேன்.

காலையில் என் கணவர் ஜான்ரோஸுக்கு எச்சரிக்கை அனுப்பினேன். ‘சரி’ வந்தது. அவர் புள்ளியும் கரை சேர்ந்துவிட்டது. நிம்மதியாகச் சோறு வடித்து வைத்திருந்தேன்.

“அண்ணே, அவரு எங்க?”

“ஜான்ரோஸா? கடல்ல நிக்கான். நான் கரைக்குத் திரும்பும்போ இந்த நெய்மீன ஒனக்குக் குடுத்து விட்டான்.”

வெளியே தென்னை தலைவிரித்து ஆடியது. ஒன்றும் விளங்காமல் ஜான்ரோஸுக்கு மறுபடி எச்சரிக்கையைத் தட்டினேன். நேசையன் அண்ணனின் பை கத்தியது. அவர் பார்க்காமலே உள்ளே கைவிட்டு எதையோ அமுக்கினார். திரையில், ‘ஜான்ரோஸ்: சரி.’

“அட பாவி மனுசா! காலையில அமுக்கினதும் நீங்களா?”

“பின்ன? ஓயாம கத்தினா என்ன செய்ய?”

“அவருக்க பெட்டி ஒங்ககிட்ட எப்பிடி?”

“மீன் கெடைக்க எடத்த எவனாவது காட்டிக் குடுப்பானா மக்கா? நீ ஊருக்கே படம் போட்டுக் காட்டுகியே. அதான் எவன் எங்க நிக்கான்னு தெரியாம இருக்க பெட்டிய மாத்திக்கிட்டோம்.”

மாதாவே! உடனே நேசையன் பெயருக்கு எச்சரிக்கை அனுப்பினேன். ‘சரி’ வந்தது. நானே வைத்த அந்தச் சொல்லை என்னாலேயே நம்ப முடியவில்லை. புள்ளி கரைப்பக்கம் நகரும்வரை திரையை விட்டு எழுந்திருக்கவில்லை.

மாலையில் ஜான்ரோஸ் தொப்பலாக நனைந்து வந்தார். திட்டித் தீர்த்தேன், அழுதேன், பிறகு கேட்டேன்:

“ஊருக்குக் காட்டாண்டாம். எனக்கு மட்டும் தெரியுத மாதிரி மாத்தித் தரட்டா?”

தலை துவட்டியவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார்.

“ஒனக்க கூடப்பொறந்த அண்ணன் ஏசுஅடிமையும் வள்ளம்தானட்டி ஓட்டுகான்?”