பனிப் போர்வை

அமெரிக்காவின் இடாஹோ மாநிலத்து வடக்கு மலைகளில் ஹக்கிள்பெர்ரி என்னும் காட்டுப்பழம் பறிக்கிறவர்கள் பறிக்கும் இடத்தைச் சொந்தத் தங்கைக்குக்கூடச் சொல்ல மாட்டார்கள். பள்ளிப் பேருந்து ஓட்டும் வெர்னா சாதரும் அப்படித்தான். அவள் கொண்டுவரும் பழம் சுண்டுவிரல் நுனி அளவு இருக்கும். சந்தையில் வேறு யாரிடமும் அத்தனை பெரிய பழம் கிடைக்காது. அந்தச் செடி எங்கே, பண்ணையில் வளர்த்துப் பார்க்க வேண்டும் என்று பள்ளத்தாக்கிலிருந்த ஆராய்ச்சிப் பண்ணையின் ஹாலிஸ் ப்ரூயிட் மூன்று வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"கரடிகிட்ட போய்க் கேளு புரொபசரே. அதுக்கும் தெரியும்" என்பாள் வெர்னா.

நான்காவது கோடையில் காட்டுத்தீ வந்தது. மலைமுகட்டின் மறுபக்கம் முழுக்கக் கரிக்கட்டையானது. தீ தன் செடிகள் இருக்கும் இந்தப் பக்கம் இறங்கியிருந்தால் என்ற நினைப்பு அவளைத் தூங்கவிடவில்லை. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஹாலிஸைக் கூப்பிட்டாள்.

"கூட்டிட்டுப் போறேன். ஆனா கண்ணக் கட்டித்தான்."

"வெர்னா, எனக்கு ஐம்பது வயசு."

"அப்போ வராத."

அவர் வந்தார். கழுத்துத் துண்டால் கண்ணைக் கட்டிக்கொண்டு இரண்டு மணி நேரம் அவள் வண்டியில் குலுங்கினார். பிறகு அவள் தோளைப் பிடித்துக்கொண்டு மேடேறினார். கட்டை அவிழ்த்ததும் முதலில் ஒரு பழத்தை வாயில் போட்டு மெல்ல மென்றார். மண்ணுக்குள் படர்ந்திருந்த தண்டில் நாலைந்து துண்டுகளை மட்டும் வெட்டி ஈரத்துணியில் சுற்றிக்கொண்டார்.

அந்தத் துண்டுகளைப் பெருக்கியதில் பண்ணையில் நாற்பது செடிகள் வந்தன. ஆனால் இரண்டு குளிர்காலத்திலும் கிளைகள் தரைவரை கருகின. வசந்தத்தில் அடியிலிருந்து ஏதோ துளிர்த்தது. பழம் மட்டும் இல்லை.

மூன்றாவது டிசம்பரில் ஹாலிஸ் சொன்னார்: "மலையில மைனஸ் முப்பதத் தாங்குது. இங்க அவ்வளவு குளிர்கூட இல்ல. இருந்தும் செத்துப்போகுது. விட்டுடலாம்னு இருக்கேன்."

வெர்னா பார்க்கப் போனாள். பள்ளத்தாக்குக் காற்று பனியையெல்லாம் துடைத்தெடுத்திருந்தது. வெறும் தரையில் குச்சிகள் நடுங்கிக்கொண்டிருந்தன. அவளுக்குக் கோபம் பொங்கியது.

"அங்க நவம்பர்லேர்ந்து மே வரைக்கும் ஆள் உசரப் பனிக்கு அடியில தூங்குதுங்க. நீ போர்வை இல்லாம படுக்க வச்சிருக்க. படிச்சவனாய்யா நீ?"

ஹாலிஸ் தலையில் கைவைத்தார். அன்றைக்கே பலகைகளை நட்டுக் காற்றுக்குத் தடுப்பு கட்டினார். வெர்னா மண்வாரியோடு வந்தாள். சாலையோரப் பனியை வாரி வாரிச் செடிகளின் மேல் கொட்டினார்கள். குளிர்காலம் முழுக்க ஞாயிற்றுக்கிழமைதோறும் அதே வேலை. முதுகு விட்டுப்போயிற்று.

வசந்தத்தில் முப்பத்தொரு செடிகள் நுனிவரை துளிர்த்தன. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் ஒரே ஒரு செடியில் ஏழு பழங்கள்.

ஹாலிஸ் தொடவில்லை. "நீங்கதான் முதல்ல சாப்பிடணும். எனக்கு அந்த ருசி இப்போ சரியா ஞாபகம் இல்ல."

வெர்னா பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். இது வேறு ருசியாக இருக்க வேண்டும் என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டிருப்பது அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது. முதுகு ஒடியப் பனி வாரியதும் அவள்தான், இப்போது இது தோற்றால் நிம்மதி என்று நினைப்பதும் அவள்தான். முப்பது வருடமாக ஏறிப்போன மலை தந்ததை ஒரு பண்ணை தந்துவிடக் கூடாது.

கடித்தாள். அதே புளிப்பு. அதன் பின்னால் மெல்ல எழும் அதே வாசனை.

இல்லை என்று சொன்னால் அவர் நம்பிவிடுவார். அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதேதான்" என்றாள் வெர்னா. "ஒரு மாத்தமும் இல்ல."

ஹாலிஸ் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். அவர் அழுகிறாரா சிரிக்கிறாரா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. அவளும் பக்கத்தில் உட்கார்ந்து, இன்னொரு பழத்தைப் பறித்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.